முற்றத்தில் குவியாத கல்

எங்கள் மயிலாடியில் கல் சிற்பப் பட்டறைகள் நிறைய. நூறு சிலை செய்வதாக வைத்துக்கொள்வோம். நூறு கல்லையும் உடைத்து அடுக்கி, பிறகு நூறையும் கொத்தி அடுக்கி, கடைசியில் மெருகிடலாம். இல்லையென்றால் ஒரு கல்லை மெருகு வரை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடலாம். வந்தவர் "ஒண்ணு போதும் அண்ணாச்சி" என்றால் முதல் வழியில் எவ்வளவு உழைப்பு வீண்! முற்றத்திலும் இடமிருக்காது. நிரல்கள் தரவுத் தொகுப்பைக் கையாண்ட வரலாறு, என் பார்வையில், இந்த இரண்டு வழிகளின் வரலாறுதான்.

1964-ல் பெல் ஆய்வகத்தின் டக்ளஸ் மெக்இல்ராய், தோட்டத்துக் குழாய்த் துண்டுகளைப் போல நிரல்களை ஒன்றோடொன்று பூட்ட வழி வேண்டும் என்று எழுதினார். 1973-ல் கென் தாம்சன் அதை யூனிக்ஸில் கொண்டுவந்தார். இதற்கிடையே 1965-ல் பீட்டர் லாண்டின், கேட்கும்போது மட்டும் அடுத்த உறுப்பைத் தரும் பட்டியலுக்கு 'ஸ்ட்ரீம்' என்று பெயரிட்டார்.

1988-ல் பிலிப் வாட்லர் தன் முறைக்கு வைத்த பெயர் 'காடழிப்பு'. அழிப்பது, படிகளுக்கு நடுவே முளைக்கும் தரவு மரங்களை. வடிகட்டல், மாற்றல், கூட்டல் மூன்றையும் ஒரே சுற்றாக இணைத்துவிட்டால் இடைப்பட்டியலே பிறக்காது. 2014-ல் ஜாவா 8 இதே எண்ணத்தை வேறு வழியில் அன்றாட வேலைக்குக் கொண்டுவந்தது. கடைசிப் படி கேட்கும்வரை அங்கே ஒண்ணும் ஓடாது.

ஆனால் ஸ்ட்ரீம் என்று எழுதினாலே வேகம் வந்துவிடாது. வடிகட்டலை முன்னால் வைக்கணும். கழிக்கப்போகும் கல்லுக்கு எதற்கு மெருகு? வரிசைப்படுத்தும் படி எல்லா உறுப்புகளும் வந்துசேரும்வரை காத்திருக்கும். அங்கே மட்டும் முற்றம் நிறையத்தான் செய்யும். எண்களை ஒவ்வொன்றாகப் பொருள்களுக்குள் பொதிந்து அனுப்பினால் நினைவகம் வீணாகும். அதற்கென்றே எண் ஸ்ட்ரீம்கள் தனியாக உண்டு. சின்னத் தொகுப்பைப் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் பிரிக்கிற செலவே மிஞ்சும். பல நேரம் பழைய ஃபார் சுற்றே ஜெயிக்கும். அளந்து பார்க்காமல் எதையும் மாற்றக் கூடாது.

இங்குள்ள பிள்ளைகள் பலரிடம் இருப்பது பழைய மடிக்கணினி. வேகம்னா புது மெஷின்தான் என்று நம்பிவிட்டால் அவர்கள் வாசலிலேயே நின்றுபோவார்கள். தேவையில்லாததைச் செய்யாமல் விடுவதும் வேகம்தான் என்கிறது இந்த வரலாறு. அதற்குக் காசு வேண்டியதில்லை.