மில் சங்கு நின்ற வாரம்

கோயம்புத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று சொல்லிக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். அந்த அசல் மான்செஸ்டரைச் சுற்றி இருந்த லங்காஷயர் மில் ஊர்க்காரர்கள், வருஷத்தில் ஒரு வாரம் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊரோடு கடலுக்குப் போன கதை இங்கே அதிகம் பேசப்பட்டதில்லை. இன்று பேரப்பிள்ளைகள் கைப்பேசியில் அரை மணி நேரத்தில் ஒரு வார டூருக்குத் திட்டம் போட்டு முடித்துவிடுகிறார்கள். அவர்களுக்கு மீதி 51 வாரமும் அதே வேலைதான்.

அந்த விடுமுறைக்கு 'வேக்ஸ்' என்று பெயர். ஆதியில் அது மாதா கோயில் திருவிழா, நம் ஊர் நோம்பி மாதிரி. மில்கள் வந்த பிறகும் ஜனங்கள் அந்த நாட்களில் வேலைக்கு வர மறுத்தார்கள். பாதி ஆட்களை வைத்து மெஷினை ஓட்டுவதைவிட மொத்தமாக நிறுத்திவிடலாம், பாய்லரையும் எஞ்சினையும் பழுது பார்த்துக்கொள்ளலாம் என்று முதலாளிகளும் வழிக்கு வந்தார்கள். ஓல்டாமுக்கு ஒரு வாரம், போல்டனுக்கு வேறொரு வாரம் என்று கோடைக்காலம் முழுக்க ஊருக்கு ஊர் முறை மாறும். புகைபோக்கிகளில் புகை இருக்காது.

போன இடம் பெரும்பாலும் பிளாக்பூல். 1846-ல் அங்கே ரயில் வந்தது. ஊர்கள் ஒரே வாரத்தில் வராமல் முறை வைத்து வந்ததால்தான் அந்தக் கடற்கரை ஊருக்கு மாதக்கணக்கில் வியாபாரம் நடந்தது. 1863-ல் கடலுக்குள் முதல் நடைபாலம் கட்டினார்கள். 1893-க்குள் அப்படி மூன்று பாலங்கள். 1885-ல் கடற்கரைச் சாலையில் மின்சார டிராம் ஓடியது. 1894-ல் ஈபிள் கோபுரத்தைப் பார்த்து 518 அடியில் ஒரு கோபுரமும் எழும்பிவிட்டது. இவ்வளவும் பெரும்பாலும் கூலிக்காரன் காசில்.

அந்த வாரத்துக்குச் சம்பளம் கிடையாது. விடுமுறை என்று நாம் சொன்னாலும், கணக்கில் அது வேலை இல்லாத வாரம்தான். ஆகவே பயணச் செலவு, தங்கும் செலவு, ஊரில் வீட்டு வாடகை, திரும்பி வந்த பின் அடுத்த கூலி கைக்கு வரும் வரை சாப்பாடு, எல்லாவற்றையும் முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டும். மில்லிலும் தெருவிலும் சர்ச்சிலும் இதற்கென்றே சேமிப்புச் சங்கங்கள் இருந்தன. வாராவாரம் சில்லறையாகக் கட்டி வந்தால், சங்கு நிற்பதற்கு முன் மொத்தமாகக் கையில் வரும். நம் வீட்டுப் பெண்கள் கட்டும் தீபாவளிச் சீட்டேதான். ஓல்டாமில் இந்தச் சங்கங்கள் ரொம்பப் பலமாக இருந்தன. புருஷனும் பெண்டாட்டியும் வளர்ந்த பிள்ளைகளும் மில்லுக்குப் போன வீடுகள் அங்கே அதிகம். நான்கு கை சம்பாதித்தால்தானே ஒரு கை சேர்க்க முடியும்.

தங்குவதற்குப் பெரிய ஓட்டல் எல்லாம் கிடையாது. வீட்டு அறைகளை வாடகைக்கு விடும் அம்மாக்கள்தான் அந்த ஊரையே நடத்தினார்கள் என்று சொல்லலாம். பழைய ஏற்பாட்டில் அறைக்கு மட்டும்தான் வாடகை. மாமிசம், ரொட்டி, காய் எல்லாம் விருந்தாளியே வாங்கிக் கொடுக்க, அந்த அம்மா சமைத்துப் போடுவார். மேஜையில் உப்பும் மிளகும் வைப்பதற்குக் கூடத் தனியாகக் காசு வாங்கியவர்கள் உண்டு! இன்றைக்கு வரைக்கும் அங்கே இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஆனாலும் ஊருக்குக் கிளம்பும்போதே அடுத்த வருஷத்துக்கும் அதே வாரம், அதே வீடு என்று சொல்லி வைத்துவிட்டுத்தான் போவார்கள். பக்கத்து வீட்டுக்காரரும் அடுத்த தெருக்காரரும் அங்கேயும் பக்கத்திலேயே இருப்பார்கள்.

அந்த ஏழு நாட்களை எப்படிக் கழித்தார்கள் என்றால், காசு கேட்காத மணலும் கடலும் முதலில். கோபுரத்துக்குள் நுழைய ஆறு பென்னி, மேலே ஏற லிஃப்டுக்கு இன்னொரு ஆறு பென்னி, அடியில் இருந்த சர்க்கஸுக்கு மறுபடி ஆறு பென்னி. பிள்ளைகள் நான்கு இருக்கும் வீட்டில் இது சின்னக் கணக்கில்லை. மழை அடிக்கடி வரும் கடற்கரை அது. கையில் இருப்பதை முதல் நாளே கரைத்துவிட்டால் மழை நாளில் ஒதுங்குவதற்குக்கூட இடம் இருக்காது. மணலில் பிள்ளைகளைச் சவாரி ஏற்றும் கழுதைகளும் உண்டு. அந்தக் கழுதைகளுக்கு 1942-ல் நகரசபை விதி போட்டு, வெள்ளிக்கிழமை வாராந்திர லீவு, மத்தியானம் ஒரு மணி நேரம் ஓய்வு என்று எழுதியே வைத்தது. கழுதைக்கு வேலைநேரம் குறித்த ஊரை நான் வேறெங்கும் படித்ததில்லை.

சீட்டுக் கட்ட முடியாதவர்கள் என்ன செய்தார்கள்? ஆள் நடமாட்டமில்லாத தெருவில் வீட்டிலேயே இருந்தார்கள். முடிந்தால் ஒருநாள் ரயிலில் போய்விட்டு ராத்திரி திரும்பினார்கள். 1930-களின் மந்தத்தில் இப்படிப்பட்டவர்கள் பெருகினார்கள். 1931 செப்டம்பரில் வட்டமேஜை மாநாட்டுக்குப் போன காந்தி லங்காஷயரில் டார்வென் வரை சென்று மில் தொழிலாளிகளைப் பார்த்தார். நம் அந்நியத் துணி பகிஷ்காரமும் அவர்கள் தறி நின்றதற்கு ஒரு காரணம். அப்படியும் மில் பெண்கள் அவரைச் சூழ்ந்து நின்று ஆரவாரம் செய்யும் படத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். வருஷம் முழுக்க வேலையே பாதிதான் என்கிறபோது வேக்ஸ் வாரத்தில் என்ன கொண்டாட்டம் இருந்திருக்கும்?

சம்பளத்துடன் விடுமுறைக்கு வழிவிட்ட சட்டம் 1938-ல்தான் வந்தது. தொழிற்சங்கங்கள் பல வருஷம் கேட்டுக் கேட்டு வாங்கியது அது, ஒரு வாரத்துக்கு! அடுத்த வருஷமே யுத்தம் வந்துவிட்டதால், பெரும்பாலான குடும்பங்கள் அதை அனுபவித்தது யுத்தம் முடிந்த பிறகுதான். பிளாக்பூல் நிரம்பி வழிந்த காலமும் அதுவே. பிறகு மில்கள் ஒவ்வொன்றாக மூடின, மிச்சம் இருந்தவர்களும் விமானம் ஏறி ஸ்பெயின் வெயிலுக்குப் போகத் தொடங்கினார்கள்.

நம் பக்கம் 1948 தொழிற்சாலைச் சட்டம் இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பள லீவு என்று வைத்தது. மான்செஸ்டரின் மெஷினும் சங்கும் ஷிஃப்டும் இங்கே அப்படியே வந்தன, ஊரே சேர்ந்து கிளம்பும் அந்த வாரம் மட்டும் வரவில்லை. நான் மில் ஆபீசில் லீவு நோட்டு எழுதிய வருஷங்களில், காரணம் என்ற கட்டத்தில் தங்கச்சி கல்யாணம், கிணறு வெட்டு, பிரசவம், ஊர் நோம்பி, பழனி பாதயாத்திரை என்றுதான் வரும். கடலோரமாகப் போனவர்கள் திருச்செந்தூர் என்று எழுதுவார்கள். அதுவும் ஒரு நாள் லீவுதான், மொட்டை அடித்துக்கொண்டு மறுநாள் காலை ஷிஃப்டுக்கு வந்து நிற்பார்கள்.