ஆரஞ்சு விற்ற கிழவி

2006-ல் போலந்தின் தேசிய வங்கி 20 ஸ்வோட்டி வெள்ளிக் காசு ஒன்றை வெளியிட்டது. வட்டக் காசு அல்ல. சட்டம் போட்ட படம்போல நீள்சதுரம். எடை 28.28 கிராம், ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. சேகரிப்பவர்களுக்காகவே அச்சிட்ட அந்தக் காசு ஓவியர் அலெக்சாண்டர் கியெரிம்ஸ்கிக்கு உரியது.

ரஷ்ய ஜார் ஆட்சிக்கு எதிராகப் போலந்துக்காரர்கள் நடத்திய 1863 எழுச்சியை இந்த வாரம் சொல்வதாக இருந்தேன். அதில் பதின்ம வயதிலேயே சேர்ந்து போரிட்ட மாக்சிமிலியன், அலெக்சாண்டரின் அண்ணன். பின்னாளில் அவரும் ஓவியரானார். காசநோய் 1874-ல் கொண்டுபோய்விட்டது. அண்ணனைத் தேடிப் போன நான் தம்பியிடம் நின்றுவிட்டேன்.

கியெரிம்ஸ்கியின் காசு, ஓவியர்களுக்காக வங்கி வெளியிட்ட வரிசையில் ஒன்று. அதில் முதல் காசு, 2002-ல், யான் மதெய்கோவுக்குப் போனது. மன்னர்களையும் போர்க்களங்களையும் ஆளுயரத்துக்கு மேல் தீட்டியவர் அவர். நாடே இல்லாத மக்களுக்கு அந்தப் பெருமிதம் தேவைப்பட்டது, மறுக்கவில்லை. ஆனால் ஜார் மன்னனின் ஆட்சியில் வார்சா எப்படிப் பிழைத்தது என்று எனக்குக் காட்டியவர் கியெரிம்ஸ்கிதான். விஸ்துலா ஆற்றில் மணல் அள்ளும் கூலிகள், ஆற்றங்கரையில் புத்தாண்டுப் பிரார்த்தனை செய்யும் யூதர்கள், வார்சாவுக்கு வெளியே, பிள்ளையின் சவப்பெட்டியோடு வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் குடியானவத் தம்பதி: இவர்களைத்தான் வரைந்தார். விமர்சகர் ஸ்தானிஸ்லாவ் வித்கியெவிச் அவருக்காக எழுதி வாதாடினார். வாங்க ஆள் இல்லை.

1880-81-ல் தீட்டியது 'ஆரஞ்சுக்காரி'. வயதான யூதப் பெண். தலையில் முக்காடு, கையில் கூடை, பின்னால் பனிமூட்டத்தில் மங்கிய வார்சா. அழகுபடுத்தவும் இல்லை, பரிதாபத்தைப் பிச்சை கேட்கவும் இல்லை. குளிரில் நின்று நின்று மரத்துப்போன முகம், அவ்வளவுதான்.

வார்சா தேசிய அருங்காட்சியகத்தில் இருந்த அந்தப் படத்தை இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் கொள்ளையடித்தார்கள். மதெய்கோவின் பிரம்மாண்டமான 'குருன்வால்டு போர்' ஓவியத்தையும் தேடினார்கள். லுப்ளினில் மண்ணுக்கடியில் மறைத்து அதைக் காப்பாற்றிவிட்டார்கள் போலந்துக்காரர்கள். கிழவிக்கு அந்தக் காவல் வாய்க்கவில்லை. அவள் இனத்தாருக்கும் வாய்க்கவில்லை. போருக்கு முன் வார்சாவில் மூன்றரை லட்சம் யூதர்கள் இருந்தார்கள். 1942 கோடையில் மட்டும் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரை ரயிலேற்றி திரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு அனுப்பினார்கள். மக்களைக் கொன்றுவிட்டு அவர்களின் முகத்தை விலைபேச எடுத்துப்போனவர்களை வேறெந்தப் பெயரிட்டு அழைப்பது? கொள்ளையர்கள், கொலைகாரர்கள்.

ஆக, கியெரிம்ஸ்கிக்கு வெள்ளிக் காசு வந்தபோது அவருடைய தலைசிறந்த படைப்பு எங்கே இருக்கிறதென்று போலந்துக்குத் தெரியாது. 2010 நவம்பரில் ஹாம்பர்க் அருகே புக்ஸ்டெஹூடே என்ற சிற்றூரின் ஏல அறிவிப்பில், சில ஆயிரம் யூரோ ஆரம்ப விலையோடு அது தலைகாட்டியது. போலந்து அரசு தலையிட ஏலம் நின்றது. பேச்சுவார்த்தை நீண்டது, வைத்திருந்தவருக்கு இழப்பீடு தரப்பட்டது. நம் பொருளுக்கு நாமே பணம் கொடுப்பதா என்று எனக்கு இன்றும் கொதிக்கிறது. ஆனாலும் 2011-ல் படம் வார்சா திரும்பியது. பழுது நீக்கி, பழைய அருங்காட்சியகத்திலேயே மாட்டியிருக்கிறார்கள்.

கியெரிம்ஸ்கி 1901-ல் ரோமில், மனநோய் மருத்துவமனையில் இறந்தார்.

மாக்சிமிலியன் கலந்துகொண்ட 1863 எழுச்சி அடுத்த வாரம்.

(தொடரும்)