பாயும் சாறனும் சொல்லும் பாடம்

நமது பாடசாலையின் நூறு ஆண்டுகளைப் பதியும் இம்மலரில், ஏட்டில் ஏறாத ஒரு கல்வியையும் பதிவது பொருத்தமென எண்ணுகிறோம். அது நம் கரையோர மக்கள் கைவேலைக்கு அழகு தேடிய கல்வி.

பாலமுனையிலிருந்து வடக்கே நிந்தவூர், கல்முனை கடந்தால் மருதமுனை. கைத்தறிச் சாறனுக்கும் சாறிக்கும் பேர்பெற்ற ஊர். சாறனின் கோடுகள் பாவு போடும்போதே தீர்மானமாகிவிடும். ஊடை நூலின் நிறத்தை முறையாக மாற்றினால் கோடு கட்டமாகும். எத்தனை இழைக்கு எந்த நிறம் என்ற கணக்கே அங்கே சித்திரம்.

பன்பாயிலும் அதே கணக்குத்தான். பன்னைக் காயவைத்து, சாயமிட்டு, ஒன்றை எடுத்து ஒன்றை விட்டு இழைக்கும்போது பூவும் படிப்படியாகவே எழும். உம்மம்மாவின் அருகில் அமர்ந்து பார்த்த பிள்ளை அதைக் கைவழியே கற்றது.

இத்தீவின் கைவேலையைக் கண்டு பிறரும் கற்றனர். 1903 முதல் 1907 வரை இங்கு வாழ்ந்த எதெல், கணவர் ஆனந்த குமாரசுவாமியுடன் ஊரூராகச் சென்று சிங்களக் கைவினைகளைப் புகைப்படமெடுத்தார். அப்படங்கள் குமாரசுவாமியின் 1908ஆம் ஆண்டு நூலில் இடம்பெற்றன. பின்னர் எதெல் மேரே என்ற பெயரில் இங்கிலாந்தின் முன்னோடிக் கைத்தறிக் கலைஞரான அவர், 1916இல் இயற்கைச் சாயங்கள் பற்றி நூல் வெளியிட்டார். 1960களில் வத்தளைக் கன்னியர் மடத்தின் நெசவுப் பெண்களுக்கு வடிவமைத்த பார்பரா சன்சோனி, இந்நாட்டின் நிலத்திலும் ஒளியிலும் கண்ட நிறங்களைத் துணியில் இறக்கினார். இருவரும் செய்தது ஒன்றே: அருகில் இருந்ததை உற்றுப் பார்த்தார்கள், பார்த்ததைப் பதிந்தார்கள்.

நம்மிடம் பார்வை இருந்தது, பதிவு குறைவு. 1977இன் திறந்த பொருளாதாரத்தோடு வந்த மலிவான துணிகள் தறிகளின் ஓசையைக் குறைத்தன. 2004 டிசம்பர் 26இல் கடல் கரையோர வீடுகளோடு தறிகளையும் அழித்தது. பிளாஸ்டிக் பாய் வந்தபின் பன்பாய் இழைக்கும் கைகளும் அருகின. எழுதிவைக்காத கணக்கு, தெரிந்தவர் மௌத்தாகும்போது அவரோடு போய்விடும்.

ஆகவே, எங்கிருந்தாலும் நம் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய பாயோ கைத்தறிச் சாறனோ இருந்தால் படமெடுங்கள். இழைகளை எண்ணுங்கள். அந்தப் பூவுக்கு வீட்டில் வழங்கிய பெயரை மூத்தவர்களிடம் கேட்டு எழுதுங்கள். புதிய துணிக்கு வடிவம் தேடும் நம் பேத்திமாருக்கு அதுவே முதற்பாடம்.