தேடியதில் பாதி

பரிசம் என்ற சொல்லை வைத்து யாழ்ப்பாணத்துக் குருநகரில் யாரும் கலியாணம் பேசுவதில்லை. பெண்ணுக்காக மாப்பிள்ளை வீட்டார் கொடுக்கும் பொருளுக்குப் பரியம், பரிசம், முலைவிலை என்று தமிழில் பழைய பெயர்கள் பல. தமிழ்நாட்டில் நிச்சயத்துக்குப் ‘பரிசம் போடுதல்’ என்ற பெயர் இன்றைக்கும் நிற்கிறது, பணம் எந்தப் பக்கம் போனாலும். யாழ்ப்பாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவருவது கூறையும் தாலிக்கொடியும். மற்றதெல்லாம் எதிர்ப்பக்கத்திலிருந்து வர வேண்டும். அதற்குப் பெயர் சீதனம்.

சீர் + தனம் என்று பிரித்துக் காட்டுவோர் உண்டு. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் வேர் ஸ்திரீதனம். மணத்தீயின் முன் கொடுத்தது, புகுந்த வீட்டுக்குப் புறப்படும்போது கொடுத்தது, அன்பினால் கொடுத்தது, தாயும் தந்தையும் உடன்பிறந்தானும் கொடுத்தது என்று மனுநூல் அதை ஆறு வகையாக எண்ணுகிறது. ஆறும் பெண்ணின் சொத்து. வரதட்சணை என்ற சொல்லைப் பிரித்தால் வரனுக்குத் தட்சணை என்று வரும். வாங்குகிறவன் யார் என்பதை அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது. தமிழ்நாட்டுப் பேச்சில் இரண்டும் கலந்துபோயின. யாழ்ப்பாணம் கலக்கவில்லை. பெண்ணின் பெயரில் எழுதும் காணி, வீடு, அவள் கழுத்திலும் கையிலும் போடும் நகை இவை சீதனம். மாப்பிள்ளை வீட்டார் கையில் எண்ணிக் கொடுக்கும் காசுக்கு இனாம் என்று பெயர். பிறகு டொனேஷன் என்றார்கள். அந்தக் காசு பெரும்பாலும் மாப்பிள்ளையின் தங்கைக்குச் சீதனமாகிப் போய்விடும். நன்கொடை என்று பொருள்படும் சொல்லைக் கட்டாயக் கொடுப்பனவுக்குச் சூட்டிய துணிச்சல் வேறு எந்த ஊருக்கு வரும்!

சீதனம் ஏட்டுச் சட்டத்துக்குள் வந்தது ஒல்லாந்தர் காலத்தில். ஆளுநர் கொர்னேலிஸ் யோவான் சிமொன்ஸ் கேட்டபடி, யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் இருந்த திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் இந்த நாட்டு வழக்கங்களைத் தொகுத்து 1707 ஜனவரியில் ஒப்படைத்தார். தமிழில் பெயர்த்த பிரதியைப் பன்னிரண்டு முதலியார்கள் பார்த்து ஒப்புக்கொண்டார்கள். பிரித்தானியர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் ஒழுங்குவிதியால் அதற்குச் சட்ட வலு கொடுத்தார்கள். அதுதான் தேசவழமை. ‘வழமைபோல’, ‘வழமையா வாறவர்’ என்று நாளுக்கு நாலு தடவை நாம் சொல்லும் அதே வழமை. சிலர் ‘தேசவளமை’ என்று எழுதி அதை நாட்டுச் செழிப்பாக்கிவிடுகிறார்கள்.

ஐசாக்ஸின் தொகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த இடம், வழமை மாறியதை அவரே ஒப்புக்கொள்ளும் இடம். முற்காலத்தில் தகப்பன் வழிச் சொத்து ஆண்பிள்ளைகளுக்கும் தாயின் சீதனம் பெண்பிள்ளைகளுக்கும் போயிற்று என்கிறார். பறங்கியர் ஆட்சியில், பிலிப் மஸ்கரேன்ஹாஸ் அதிகாரத்தில் இருந்த நாளிலிருந்து, அந்த வரம்பு குலைந்ததாம். அதன் பின் தகப்பன் சொத்து, தாய் சொத்து, இருவரும் தேடியது என எதிலிருந்தும் மகளுக்குச் சீதனம் கொடுக்கலாம் என்றாயிற்று. ‘ஆதிகாலத்திலிருந்து மாறாதது’ என்று நாம் கும்பிடும் வழமை, எழுதப்பட்ட அன்றைக்கே ஒரு தடவை மாறி முடிந்திருந்தது. அன்று சீதனத்தில் காணியோடும் நகையோடும் அடிமைகளையும் சேர்த்துக் கொடுத்தார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844இல்.

சீதனத்துக்கு ஒரு விலையும் உண்டு. சீதனம் வாங்கிப் போன மகள் பெற்றோரின் மிச்சச் சொத்தில் பங்கு கேட்க முடியாது; கொடுத்ததோடு அமைய வேண்டும். நொத்தாரிசு எழுதும் சீதன உறுதி அவளுக்குக் காணியைக் கொடுக்கும் பத்திரம், பிறந்த வீட்டுக் கணக்கை மூடும் பத்திரமும் அதுவே.

கணவன் செத்தால் அவளுக்கு என்ன? இங்கேதான் சொத்துக்குத் தேசவழமை வைத்திருக்கும் மற்ற மூன்று சொற்கள் வேலை செய்கின்றன. முதுசம் என்பது பெற்றோர், பாட்டன், பூட்டன் வழியாக இறங்கி வந்தது. முதுசொம் என்பது பழைய வடிவம். சொம் என்றால் சொத்து. இன்றைக்கு ‘தமிழர் முதுசம்’ என்று கோவிலையும் கூத்தையும் சொல்கிறோம். சட்டத்துக்கு அது அப்பு விட்டுப்போன வளவு. உரிமை என்பது முன்னோர் அல்லாத உறவினர், அதாவது அண்ணன் தங்கை போன்றோர் இறந்து வந்து சேர்ந்தது. மேடையில் முழங்கும் ‘உரிமை’க்கும் இதற்கும் தூரம் அதிகம். இந்த இரண்டிலும் மனைவிக்கு வாரிசுப் பங்கு இல்லை. பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கு. இல்லாவிட்டால் சொத்து வந்த பக்கமே திரும்பிப் போகும், கணவனின் உடன்பிறந்தாருக்கு. பழைய தொகுப்பின்படி, சிறுபிள்ளைகளை வளர்க்கும் தாய் எல்லாவற்றையும் தன் கையில் வைத்து நடத்தலாம், பெண்பிள்ளைகளுக்கு அதிலிருந்து சீதனமும் கொடுக்கலாம். மறுமணம் செய்ய நினைத்தால் பிள்ளைகளை ஏற்கும் உறவினரிடம் தகப்பனின் சொத்தையும், கூடித் தேடியதில் பாதியையும் ஒப்படைத்துவிட வேண்டும். ஒன்றாயிருந்து வாழ்ந்த வீடு கணவனின் முதுசமானால், சட்டத்தின் கண்ணில் அவள் அங்கே பிள்ளைகளின் தாய் மட்டுமே.

நாலாவது சொல் தேடியதேட்டம். யாழ்ப்பாணத்தில் தேடுவது என்றால் உழைத்துச் சேர்ப்பது. ‘அவர் நல்லாத் தேடி வைச்சவர்’ என்றால் அவர் எதையும் தொலைத்தவர் அல்லர். கலியாண காலத்தில் கணவனோ மனைவியோ விலைகொடுத்துத் தேடியதும், அவரவர் தனிச்சொத்தில் விளைந்த வருமானமும் தேடியதேட்டம். 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமை, மரபுரிமைச் சட்டம் அதற்கு வரைவிலக்கணம் எழுதியது; 1947இல் அதைத் திருத்தினார்கள். கணவன் தேடி வைத்ததில் பாதி கைம்பெண்ணுக்கு.

குருநகரில் இந்தச் சொல்தான் கனமானது. கரையூர் என்று பழைய பெயர் கொண்ட இந்த ஊர் கடலேரிக் கரையில் நெருக்கிக் கட்டிய வீடுகளும் ஐந்துமாடித் தொடரும் கொண்ட கடற்றொழில் ஊர். பெரும்பாலோர் கத்தோலிக்கர், புனித யாகப்பர் ஆலயத்தில் தாலி கட்டினாலும் சொத்து தேசவழமையின்படிதான் பிரியும், அதற்கு மதம் ஒரு பொருட்டல்ல. பரப்புக் கணக்கில் முதுசக் காணி வைத்திருக்கும் வேளாண்மை ஊர்களை மனதில் வைத்து எழுதிய சட்டம் இது. இங்கே குடும்பத்தின் பெரிய சொத்து வள்ளம், இஞ்சின், வலை. அவை தேடியவை. 1986 ஜூன் 10 அன்று மண்டைதீவுக் கடலில் குருநகர் மீனவர் 31 பேர் கொல்லப்பட்டார்கள். இப்படிக் கணவனைக் கடலில் இழந்தவளுக்குக் கேள்வி பெரும்பாலும் காணியைப் பற்றியதாக இராது, கரையில் நிற்பது யாருடையது என்பதாகவே இருக்கும்.

1947ஆம் ஆண்டுத் திருத்தம் இங்கே ஒரு முடிச்சுப் போட்டிருக்கிறது. கொடுத்த விலை ஒருவரது தனிச்சொத்திலிருந்து வந்திருந்தால், வாங்கிய பொருள் தேட்டம் ஆகாது. மனைவியின் சீதனக் காப்பை விற்று இஞ்சின் வாங்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். அது இருவர் தேட்டமல்ல, உருமாறிய சீதனம். அதன் விலையைத் தந்தவள் அவள். சட்டத்தில் அவள் கை ஓங்கியிருக்கிறது. ஆனால் இஞ்சின் பற்றுச்சீட்டில் கணவன் பெயர். நகைக்கடைத் துண்டை யார் பத்திரப்படுத்தினார்கள்? மைத்துனர்கள் வந்து கேட்கும்போது அவளிடம் இருப்பது அயலட்டைச் சாட்சி மட்டும்.

போருக்குப் பிறகு அலுவலகங்கள் ‘பெண் தலைமைத்துவக் குடும்பம்’ என்றொரு சொற்றொடரைக் கொண்டுவந்தன. கைம்பெண்ணையும் காணாமற்போனவரின் மனைவியையும் அது ஒரே பட்டியலில் அடக்குகிறது. தேசவழமை அப்படி அடக்காது. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி, கலியாணமான பெண் தன் சொந்தக் காணியை, அது சீதனக் காணியானாலும், கணவனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்கவோ ஈடுவைக்கவோ முடியாது. கணவனை அடக்கம் செய்தவளுக்கு அந்தக் கையெழுத்துத் தேவையில்லை. கணவன் எங்கே என்று தெரியாதவளுக்குத் தேவை. 8ஆம் பிரிவு மாவட்ட நீதிமன்றத்துக்கு வழி விட்டிருக்கிறது: கணவன் விட்டுப் போயிருந்தால், சிறையில் இருந்தால், இருப்பிடம் தெரியாவிட்டால் நீதிபதி அவனுக்குப் பதிலாகச் சம்மதம் தரலாம். 2016இல் வந்த திருத்தச் சட்டத்தால் மரணச் சான்றிதழ் எடுக்க மனம் வராத குடும்பங்கள் ஆளைக் காணவில்லை என்ற சான்றிதழைப் பெற்றுக்கொள்ள முடிகிறது. அதையும் சீதன உறுதியையும் எடுத்துக்கொண்டு, தன் பெயரிலுள்ள காணியை விற்க அனுமதி கேட்டு அவள் மனுப்போட வேண்டும்.