வில்லையும் ஆடியும்: ஹைதராபாத்திலிருந்து காவலூர் வரை

விண்மீன்களை நிழற்படமெடுக்க வில்லைத் தொலைநோக்கி ஏற்றதா, ஆடித் தொலைநோக்கி ஏற்றதா என்று தருமபுரி மாவட்டத்து மாணவர் சிலர் அவ்வப்போது வினவுகின்றனர். வடகிழக்கே சவ்வாது மலையிலுள்ள காவலூரைச் சுட்டி விடை கூறிவிடலாம். ஆயினும் அதற்குமுன் ஹைதராபாத்தை நினைவுகூர்தல் முறையாகும்.

1901இல் மர்ஹூம் நவாப் ஸபர் ஜங் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு, 15 அங்குல வில்லைத் தொலைநோக்கியுடன் அங்கே நிஜாமிய்யா வானாய்வகத்தை நிறுவினார். 1907இல் அவர் மறைந்தபின் நிஜாம் அரசு அதனை ஏற்றது. 1887இல் பாரிஸில் தொடங்கிய உலக வானப்படத் திட்டத்தில் ஒரு பகுதி ஹைதராபாத்தின் பங்காக வந்தது. 8 அங்குல நிழற்படத் தொலைநோக்கி அதற்குப் பயன்பட்டது. அதுவும் வில்லைக் கருவியே. விண்மீன்களின் இடத்தை அளப்பதற்கு, ஆண்டுகள் கழிந்தும் அமைப்பு மாறாத கருவி வேண்டும். வானின் அகன்ற பரப்பும் ஒரே தகட்டில் தெளிவாகப் பதிய வேண்டும். இவ்விரண்டிலும் வில்லை அன்று முந்தி நின்றது. பல்லாண்டுகள் உழைத்து வெளியிட்ட அப்பட்டியல்களை நம் இல்லங்களில் எத்தனை பேர் அறிவர்? மன்னர்களின் மாளிகைகளைப் பாடிய நாம் இந்நவாபை மறந்தது பெருங்குறையே.

வில்லைக்கு அரபியில் அதஸா என்று பெயர். அதஸ் என்னும் பருப்பின் வடிவே அப்பெயருக்குக் காரணம். அப்பருப்பு வடிவக் கண்ணாடி ஒளியை வளைக்கும்போது நிறங்களைப் பிரித்துவிடுகிறது. கண்ணுக்கெனச் செம்மை செய்த வில்லை, நீலவொளியையே மிகுதியாக உணரும் பழைய நிழற்படத் தகட்டில் மங்கலான உருவையே தரும். ஆகவே நிழற்படத்திற்கெனத் தனி வில்லை சமைத்தனர். மற்றொரு தடை எடை. வில்லையை விளிம்பில் மட்டுமே தாங்க இயலும். பெரிதானால் தன் பாரத்தாலேயே வளையும். 1897இல் அமெரிக்காவின் யெர்க்ஸ் வானாய்வகம் கண்ட 40 அங்குல வில்லையே வானாய்வில் நிலைத்துப் பணிபுரிந்தவற்றுள் மிகப் பெரியது.

ஆடி நிறத்தைப் பிரிப்பதில்லை. பின்புறம் முழுதும் தாங்கலாம். பரவளைய ஆடி கதிர்களை ஒரு புள்ளியில் குவிக்கும் திறத்தை அறிஞர் இப்னுல் ஹைத்தம் தனி நூலொன்றில் விரித்துரைத்துள்ளார். எனினும், படத்தின் ஓரத்து விண்மீன்களுக்கு அவ்வாடியில் வால் முளைத்தாற்போன்ற குறை நேரும்.

நிஜாமிய்யாவில் பணியாற்றியவரின் மைந்தரே வைணு பாப்பு. அவர் காவலூருக்கு ஆடியையே தேர்ந்தார். 1968இல் 38 செ.மீ. ஆடியும், 1972இல் 1 மீட்டர் ஆடியும் அங்கு வந்தன. ஹைதராபாத்தாரும் 1968இல் ரங்காபூரில் 48 அங்குல ஆடிக்கு மாறினர். பாப்பு கனவுகண்ட 2.34 மீட்டர் ஆடி பெங்களூரில் தேய்த்து மெருகிடப்பட்டு, அவர் 1982இல் மறைந்தபின் 1986இல் திறக்கப்பட்டது.

எனினும் வில்லை தோற்றதென்று கூறற்க. ஷ்மிட் முறைக் கருவியில் ஆடியின் முன்னே மெல்லிய திருத்துவில்லையொன்று நிற்கிறது. காவலூரில் அத்தகைய 45 செ.மீ. கருவி எடுத்த படத்திலேதான் 1988இல் ஒரு சிறுகோள் அகப்பட்டது. அதற்கு இராமானுஜன் எனப் பெயரிட்டனர்.