ரயில் சிமுலேட்டர் விளையாட்டு திக்கித் திணறுகிறதா? கிராஃபிக்ஸ் கார்ட் வாங்கும் முன் இவற்றைச் சோதியுங்கள்

பந்திங் - கோல லங்காட் மாவட்டத்தில் உள்ள பந்திங் பட்டணத்துக்குப் பயணிகள் ரயில் கிடையாது. கே.டி.எம். கொமுட்டர் ஏற வேண்டுமானால் கிள்ளான் பக்கம்தான் போக வேண்டும். ஆனால், வீட்டில் ஒரு கணினி இருந்தால் ரயிலை ஓட்டியே பார்க்கலாம். டிரெயின் சிமுலேட்டர் கிளாசிக், டிரெயின் சிம் வேர்ல்ட் போன்ற விளையாட்டுகள் அதற்காகவே உள்ளன.

சிக்கல் என்னவென்றால், இவை கணினியைப் பிழிந்தெடுப்பவை. ரயில் நிலையத்தை நெருங்கும்போது படம் உறைகிறது. வளைவில் திரும்பும்போது திணறுகிறது. உடனே பலரும் "கிராஃபிக்ஸ் கார்ட் மாற்ற வேண்டும்" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். நடுத்தரமான புதிய கார்ட் ஒன்றின் விலையே இன்று ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டும். கோளாறு வேறு இடத்தில் இருந்தால் அந்தப் பணம் வீண். எங்கே தடை என்பதைச் செலவில்லாமல் கண்டறியும் வழிமுறை இது.

ரயில் விளையாட்டு ஏன் இவ்வளவு கனமானது?

ரயில் ஓட ஓட புதிய ஊர், மரங்கள், பாலங்கள், நிலையங்கள் ஆகியவற்றைக் கணினி இடைவிடாமல் டிஸ்கிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். அதோடு சிக்னல்கள், எதிரே வரும் ரயில்கள், ஒவ்வொரு பெட்டியின் எடை, பிரேக் அழுத்தம் எல்லாவற்றையும் கணக்கிட வேண்டும். இந்தக் கணக்குகளைச் செய்வது கிராஃபிக்ஸ் கார்ட் அல்ல, புரோசசர்.

டிரெயின் சிமுலேட்டர் கிளாசிக்கின் அடித்தளம் 2007இல் வந்த ரயில் சிமுலேட்டர் என்ற விளையாட்டு. புரோசசரில் எட்டு கோர் இருந்தாலும் இது பெரும்பாலும் ஒரு கோரையே நம்பி ஓடும். 2018இல்தான் இதற்கு 64 பிட் பதிப்பு வந்தது. 32 பிட் பதிப்பால் 4 ஜி.பி.க்கு மேல் நினைவகத்தைப் பயன்படுத்த முடியாது. எனவே, ஸ்டீமில் விளையாட்டைத் தொடங்கும்போது 64 பிட் பதிப்பைத் தேர்ந்தெடுப்பது நல்லது. டிரெயின் சிம் வேர்ல்ட் அன்ரியல் எஞ்சின் 4இல் உருவானது. அதன் காட்சிகள் செறிவானவை என்பதால் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் வேலை அதிகம்.

முதல் சோதனை: எது திணறுகிறது?

விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறக்கவும். அதில் பெர்ஃபாமன்ஸ் பகுதிக்குச் செல்லவும். பத்து நிமிடம் ரயிலை ஓட்டி, திணறும் நேரத்தில் எண்களைக் கவனிக்கவும்.

- ஜி.பி.யூ. 95 விழுக்காட்டுக்கு மேல் நின்றால், தடை கிராஃபிக்ஸ் கார்டில்.
- ஜி.பி.யூ. 50, 60 விழுக்காட்டில் சும்மா இருந்தும் படம் திணறினால், பெரும்பாலும் தடை புரோசசரில்.
- மெமரி 90 விழுக்காட்டைத் தாண்டினால், ரேம் போதவில்லை.
- திணறும் கணத்தில் டிஸ்க் 100 விழுக்காட்டைத் தொட்டால், டிஸ்கின் வேகம் போதவில்லை.

இதில் ஏமாற்றும் எண் ஒன்று உண்டு. சி.பி.யூ. 20 விழுக்காடு என்று காட்டினால் புரோசசர் ஓய்வாக இருக்கிறது என்று பொருளல்ல. எட்டு கோரில் ஒன்று மட்டும் முழுமூச்சாக உழைத்தாலும் மொத்தக் கணக்கு 13 விழுக்காடு அளவில்தான் காட்டும். வரைபடத்தின் மீது வலது கிளிக் செய்து, கோர்களைத் தனித்தனியாகக் காட்டும்படி மாற்றினால் உண்மை தெரியும்.

இன்னும் எளிய சோதனையும் உண்டு. திரையின் ரெசல்யூஷனை 1920க்கு 1080 என்பதிலிருந்து 1280க்கு 720 ஆகக் குறைத்து, அதே இடத்தில் அதே ரயிலை மீண்டும் ஓட்டவும். வேகம் நன்றாகக் கூடினால் கிராஃபிக்ஸ் கார்ட்தான் தடை. ஒன்றும் மாறவில்லை என்றால், விலை உயர்ந்த கார்ட் வாங்கினாலும் பெரிய மாற்றம் இருக்காது.

மடிக்கணினி வைத்திருப்பவர்கள் கவனிக்க

பல மடிக்கணினிகளில் இரண்டு கிராஃபிக்ஸ் இருக்கும். ஒன்று புரோசசரோடு சேர்ந்தது, மற்றொன்று தனி கார்ட். விளையாட்டு முதலாவதில் ஓடிக்கொண்டிருந்தால் தனி கார்ட் இருந்தும் பயனில்லை. விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்பிளே, கிராஃபிக்ஸ் என்று வரிசையாகச் சென்று, அந்த விளையாட்டுக்கு ஹை பெர்ஃபாமன்ஸ் என்பதைத் தேர்ந்தெடுக்கவும்.

சார்ஜரைச் செருகிவிட்டு விளையாட வேண்டும். பேட்டரியில் மட்டும் ஓடும்போது மடிக்கணினி மின்சாரத்தை மிச்சப்படுத்த வேகத்தைத் தானாகவே குறைத்துக்கொள்ளும்.

நம் ஊர் வெப்பமும் ஒரு காரணம்

தொடக்கத்தில் நன்றாக ஓடி, 15, 20 நிமிடத்துக்குப் பிறகு திணறத் தொடங்கினால் சூட்டைச் சந்தேகிக்கலாம். புரோசசர் ஏறத்தாழ 95 முதல் 100 பாகை செல்சியஸை எட்டும்போது, தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். பகலில் 32, 33 பாகை வெப்பம் நிலவும் நம் ஊரில், குளிர்சாதன வசதி இல்லாத அறையில் இது எளிதில் நடக்கும்.

டாஸ்க் மேனேஜரில் சி.பி.யூ. வேகம் கிகாஹெர்ட்ஸ் கணக்கில் தெரியும். தொடக்கத்தில் 4 என்று இருந்த எண், திணறும்போது 2 ஆக இறங்கினால் சூடுதான் காரணம் என்று சொல்லலாம். வெப்பநிலையைப் பார்க்க எச்.டபிள்யூ. இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் உதவும்.

தீர்வு எளிது. மடிக்கணினியை மெத்தை மீது வைக்காமல் மேசையில் வைத்து, பின்பக்கத்தைச் சற்று உயர்த்தவும். கணினியை அணைத்து, மின்கம்பியைக் கழற்றிய பிறகு, காற்றுத் துளைகளில் அடைந்திருக்கும் தூசியை ஊதி அகற்றவும். அப்போது விசிறி சுழலாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். உத்தரவாதக் காலம் முடியாத கணினியைத் திறக்கும் முன் அதன் நிபந்தனைகளைப் படித்துப் பார்க்கவும்.

எந்த அமைப்பை முதலில் குறைப்பது?

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் குறைத்தால் எது உதவியது என்று தெரியாது. ஒவ்வொன்றாக மாற்றி, அதே வழித்தடத்தில் சோதிக்க வேண்டும்.

தடை கிராஃபிக்ஸ் கார்டில் என்றால் ஆன்டி அலியாசிங், நிழல்களின் தரம், ரெசல்யூஷன் என்ற வரிசையில் குறைக்கவும். 4கே திரையில் 83 லட்சம் புள்ளிகள் உண்டு. இது 1080 திரையைப் போல நான்கு மடங்கு. 4கே தொலைக்காட்சியில் இணைத்து விளையாடுவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

தடை புரோசசரில் என்றால் காட்சித் தூரம், மரம் செடிகளின் அடர்த்தி ஆகியவற்றைக் குறைக்கவும். மற்ற ரயில்கள் குறைவாக வரும் பயணத்தைத் தேர்ந்தெடுக்கவும்.

இரண்டுக்கும் பொதுவான வழி ஒன்று, வேகத்தை வினாடிக்கு 30 பிரேம் என்று கட்டுப்படுத்துவது. 60க்கும் 25க்கும் இடையே ஏறி இறங்குவதைவிட, சீரான 30 கண்ணுக்கு இதமாக இருக்கும். துப்பாக்கி விளையாட்டுகளுக்குத் தேவைப்படும் வேகம் ரயில் ஓட்டத் தேவையில்லை.

பணம் செலவழித்தே ஆக வேண்டுமா?

விளையாட்டு பழைய ஹார்ட் டிஸ்கில் இருந்தால், முதல் செலவு எஸ்.எஸ்.டி.க்குத்தான். ஹார்ட் டிஸ்க் வினாடிக்கு 100 முதல் 150 எம்.பி. அளவில் படிக்கும், சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி. ஏறத்தாழ 500 எம்.பி. படிக்கும். நிலையத்தை நெருங்கும்போது படம் உறைவது இதனால் பெரிதும் குறையலாம்.

அடுத்தது ரேம். 8 ஜி.பி. இருந்தால் 16க்கு உயர்த்தலாம். ஒரே துண்டாக வாங்குவதைவிட இரண்டு 8 ஜி.பி. துண்டுகளைப் பொருத்துவது வேகத்துக்கு நல்லது. அதுவரை, விளையாடும் முன் இணைய உலாவியை மூடி வைப்பதே ஒரு ஜி.பி., இரண்டு ஜி.பி. மிச்சம் தரும்.

இவை இரண்டும் சரியாக இருந்து, சோதனையும் கிராஃபிக்ஸ் கார்டையே காட்டினால் மட்டும் அதை வாங்கலாம். அப்போதும் கணினியின் பவர் சப்ளை எத்தனை வாட், கேஸில் கார்டுக்கு இடம் உண்டா என்பதைக் குறித்துக்கொண்டு கடைக்குச் செல்லவும். சோதனையில் கண்ட எண்களைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்திருந்தால், லோ யாட் பிளாசாவிலோ பந்திங் கடையிலோ விற்பனையாளரிடம் தெளிவாகப் பேசலாம்.

மாற்று வழிகள்

பழைய கணினிக்கு ஓப்பன் ரெயில்ஸ் என்ற இலவச மென்பொருள் பொருந்தும். 2001இல் வந்த மைக்ரோசாஃப்ட் டிரெயின் சிமுலேட்டருக்காக உருவான வழித்தடங்களும் ரயில்களும் இதில் ஓடும். கைப்பேசி போதும் என்பவர்களுக்குச் சென்னையைச் சேர்ந்த ஹைபுரோ இன்டராக்டிவ் நிறுவனத்தின் இந்தியன் டிரெயின் சிமுலேட்டர் உண்டு.

புதிதாக விளையாட்டு வாங்குவோர், அதன் ஸ்டீம் பக்கத்தில் உள்ள குறைந்தபட்சத் தேவைகளை முதலில் தங்கள் கணினியோடு ஒப்பிட வேண்டும். வாங்கிய பிறகு ஓடவில்லை என்றால், 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருக்கும் நிலையில், ஸ்டீமில் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆகவே அந்த முதல் இரண்டு மணி நேரத்தை, கனமான ஒரு வழித்தடத்தை ஓட்டிச் சோதிக்கவே பயன்படுத்துங்கள்.