ஸ்டேஜ்ஃபிரைட்

ஸ்டேஜ்ஃபிரைட் என்பது 2015-ஆம் ஆண்டு ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் கண்டறியப்பட்ட பாதுகாப்புக் குறைகளின் தொகுப்புக்கு வழங்கும் பெயர். ஒலி, காணொளிக் கோப்புகளைப் படித்து இயக்கும் லிப்ஸ்டேஜ்ஃபிரைட் என்னும் நிரல் நூலகத்தில் இவை இருந்தன. ஜிம்பீரியம் நிறுவனத்தின் ஆய்வாளர் ஜோஷுவா டிரேக் இவற்றைக் கண்டுபிடித்து அவ்வாண்டு ஏப்ரலில் கூகுளுக்குத் தெரிவித்தார். ஜூலை 27 அன்று செய்தி வெளியானது. ஆகஸ்டில் லாஸ் வேகாஸ் பிளாக் ஹாட் கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் அவரே முழு விவரத்தையும் விளக்கினார்.

ஆண்ட்ராய்டு 2.2 முதல் 5.1.1 வரையிலான பதிப்புகளில் இக்குறை இருந்தது. ஏறத்தாழ 95 கோடிக் கருவிகள் இதற்கு ஆட்படக்கூடியவை என ஜிம்பீரியம் மதிப்பிட்டது.

எம்பி4 கோப்பு பல துண்டுகளால் ஆனது. ஒவ்வொரு துண்டும் தன் அளவைத் தானே சொல்லிக்கொள்ளும். அந்த எண்ணை நம்பி நிரல் நினைவகத்தில் இடம் ஒதுக்கும். வேண்டுமென்றே மிகப்பெரிய எண்ணைத் தந்தால், 32 பிட்டுக்குள் கணக்கு அடங்காமல் சுற்றிவந்து சிறிய எண்ணாகிவிடும்; இதுவே எண் வழிதல். ஆழாக்கில் ஒரு படி அரிசியைக் கொட்டியது போல, ஒதுக்கிய சிறிய இடத்தைத் தாண்டித் தரவு வழியும். வழியும் தரவைத் தாக்குபவர் தம் நிரலாகவே அமைத்துவிட்டால், அந்நூலகத்தை இயக்கும் மீடியாசர்வர் என்னும் பின்னணி நிரல் அதை இயக்கத் தொடங்கும். கேமராவையும் ஒலிவாங்கியையும் தொடும் உரிமை அந்த மீடியாசர்வருக்கு இருந்ததுதான் பெருங்கேடு.

தாக்குபவருக்குத் தேவைப்பட்டது கைப்பேசி எண் மட்டுமே. எம்எம்எஸ் வந்ததும் அதிலுள்ள காணொளியைத் தானாகத் தரவிறக்குவது அன்றைய வழக்கம். கூகுளின் ஹேங்அவுட்ஸ் செயலியோ அறிவிப்பு ஒலிக்கும் முன்பே அதை மீடியாசர்வரிடம் கொடுத்துவிட்டது. ‘தெரியாத இணைப்பைத் தொடாதே’ என்ற வழக்கமான அறிவுரை இங்கே எடுபடவில்லை.

டிரேக் அனுப்பிய திருத்தங்களைக் கூகுள் இரண்டு நாளில் தன் மூல நிரலில் சேர்த்துக்கொண்டது. ஆனால் அது பயனரின் கைக்கு வர, கைப்பேசித் தயாரிப்பாளர், சில நாடுகளில் தொலைத்தொடர்பு நிறுவனம் என ஒவ்வொரு வாசலையும் கடக்க வேண்டியிருந்தது. பல மாடல்களுக்கு அது கடைசிவரை வரவே இல்லை. இந்நிகழ்வின் உண்மையான பாடம் நிரல் பிழையில் இல்லை, இந்தத் தாமதத்தில்தான் இருக்கிறது. இதற்கிடையே, வெளியிட்ட திருத்தங்களுள் ஒன்று அரைகுறையானது என்று எக்ஸோடஸ் இன்டெலிஜென்ஸ் நிறுவனம் ஆகஸ்டிலேயே காட்டியது. அக்டோபரில் எம்பி3 கோப்புகளையும் பாதிக்கும் இரண்டாவது தொகுதிக் குறைகள் வெளிவந்தன.

எழுந்த அச்சத்தோடு ஒப்பிட்டால் வெளியே தெரிந்த பாதிப்பு மிகக் குறைவு. நினைவக இடங்களைக் கலைத்துவைக்கும் பாதுகாப்பு, புதிய பதிப்புகளில் தாக்குதலைக் கடினமாக்கியது. ஆயினும் கூகுள் 2015 ஆகஸ்டிலிருந்து மாதந்தோறும் பாதுகாப்புத் திருத்தம் வெளியிடத் தொடங்கியது. 2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7, மீடியாசர்வரைப் பல கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வேண்டிய உரிமையை மட்டும் தந்தது. ஆண்ட்ராய்டு 10 முதல் ஊடகக் கூறுகள் சிலவற்றைத் தயாரிப்பாளரை எதிர்பாராமல் கூகுளே நேரடியாகப் புதுப்பிக்கிறது.

ஐபோனும் விலக்கல்ல. 2021-இல் பெகாசஸ் உளவு மென்பொருள் ஐமெசேஜ் வழியாக, பயனர் எதையும் தொடாமலே நுழைந்தது. அங்கேயும் மூலகாரணம் இதே வகை எண் வழிதல். ஆப்பிள் அதை ஐஓஎஸ் 14.8-இல் சரிசெய்தது.

ஸ்டேஜ்ஃபிரைட்டைத் தடுக்க 2015-இல் பயனருக்குச் சொல்லப்பட்ட உடனடி வழி, எம்எம்எஸ் தானியங்கித் தரவிறக்கத்தை நிறுத்துவது. அது ஒரு வழியை மட்டும் அடைத்தது. அதே கோப்பு உலாவி வழியாகவும் வரலாம். முழுத் தீர்வு அப்டேட் ஒன்றுதான். ஆண்ட்ராய்டு 6 முதல், செட்டிங்ஸில் கடைசிப் பாதுகாப்புத் திருத்தத்தின் தேதி காட்டப்படுகிறது. அத்தேதி பல மாதம் பழையதாக இருந்து, புதிய அப்டேட்டும் வராவிட்டால், அந்தக் கைப்பேசியில் வங்கிச் செயலிகளை வைத்திருக்க வேண்டாம். புதிதாக வாங்கும்போது கேமராவின் மெகாபிக்ஸலைக் கேட்பதற்கு முன், எத்தனை ஆண்டுக்குப் பாதுகாப்புத் திருத்தம் வரும் என்று கேளுங்கள். கூகுள் பிக்ஸல் 8-க்கும் சாம்சங் கேலக்ஸி எஸ்24-க்கும் அறிவிக்கப்பட்ட காலம் ஏழு ஆண்டுகள்.